கைது ஆணையும் கசப்பு வேரும்

லயத்தில் இரு வீட்டாருக்குள் தகராறு என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவார்கள். வெட்டு, குத்து என்று ஆகிவிட்டால் போலீஸ் வந்துவிடும். பிறகு இரு வீட்டாரும் சமாதானமாகப் போகிறோம் என்றாலும், வழக்கு நம் கையில் இல்லை. ஆப்பிரிக்காவில் உகாண்டா என்னும் நாட்டின் உள்நாட்டுப் போரிலும் இதே சிக்கல் எழுந்தது.

அந்நாட்டின் வடக்கே வாழ்பவர்கள் அச்சோலி மக்கள். அவர்களுள் ஒருவரான ஜோசப் கோனி 1980-களின் பிற்பகுதியில் அரசாங்கத்தை எதிர்த்துப் படை திரட்டினார். அடி விழுந்ததோ சொந்த மக்கள் மீதுதான். படைக்கு ஆள் வேண்டுமென்று இரவில் கிராமங்களில் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிப் போனார்கள். பையன்கள் கையில் துப்பாக்கி. பெண் பிள்ளைகளைத் தளபதிகளுக்கு மனைவியாக்கினார்கள். இதற்குப் பயந்து, பொழுது சாயும்போது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பட்டணத்துக்கு நடந்து, கடை வாசல்களில் படுத்துறங்கி, விடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பதினைந்து இலட்சம் பேருக்கு மேல் முகாம்களில் அடைபட்டார்கள்.

2000-இல் உகாண்டா ஒரு பொது மன்னிப்புச் சட்டம் இயற்றியது. ஆயுதத்தைக் கீழே போட்டு வந்தவனுக்குத் தண்டனை இல்லை. காட்டில் இருப்பவன் தூக்கிப் போகப்பட்ட தன் மகன்தானே என்று பெற்றோர் இதை வரவேற்றார்கள். அச்சோலி மக்களிடம் பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. கொலை செய்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஈடு கொடுத்தபின், இரு குலத்தாரும் ஒரே பாத்திரத்திலிருந்து கசப்பு வேர் கலந்த பானத்தைக் குடித்துப் பகையை முடிப்பார்கள். இதை ‘மாத்தோ ஓப்புட்’ என்பார்கள்.

இந்த நிலையில், 2003 டிசம்பரில் உகாண்டா அரசாங்கமே வழக்கை அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 2002 முதல் இயங்கும் இந்த மன்றம் நாடுகளை அல்ல, ஆட்களை விசாரிப்பது. (நம் மலேசியா 2019-இல் இதில் சேர முன்வந்து, சில வாரங்களிலேயே விலகிக்கொண்டது.) மன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. 2005-இல் கோனிக்கும் நான்கு தளபதிகளுக்கும் கைது ஆணை பிறந்தது. அரசாங்கப் படையினர் மீதும் மக்களுக்குக் குறை இருந்தது. அவர்களில் ஒருவர் மீதும் ஆணை வரவில்லை.

2006-இல் தெற்குச் சூடானின் ஜூபா நகரில் பேச்சு தொடங்கியது. கைது ஆணைக்குப் பயந்துதான் வந்தார்கள் என்பார் சிலர்; சூடானின் ஆதரவு குறைந்ததும் ஒரு காரணம். ஆகஸ்டில் சண்டை நின்றது. ஆனால் “ஆணையை நீக்கு, கையெழுத்திடுகிறேன்” என்றார் கோனி. “முதலில் கையெழுத்து” என்றது அரசாங்கம். ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் நினைத்தால் வழக்கைப் பன்னிரண்டு மாதம் நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமுண்டு, அது நடக்கவில்லை. 2008 ஏப்ரலில் எல்லாரும் காத்திருக்க, கோனி வரவேயில்லை. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் போர் மூண்டது. இம்முறை கோனியின் ஆட்களிடம் மாண்டவர்கள் காங்கோ கிராமத்தார்.

பேச்சு வீண் என்று நான் சொல்லமாட்டேன். வட உகாண்டா மக்கள் முகாம்களை விட்டு வீடு திரும்பியது அதனால்தான். ஆனால் மன்னிப்பு, பிடிபட்ட பிள்ளைக்குப் பொருந்தும். பிடித்தவனுக்கும் அதே மன்னிப்பா? கசப்பு வேரைக் குடிக்கவும் குற்றவாளி நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டுமே!

அந்தத் தளபதிகளில் டொமினிக் ஓங்வென் என்பவர், சிறு வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் தூக்கிச் செல்லப்பட்டவர். 2015-இல் சரணடைந்தார். 2021-இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை விதிக்காததற்கு அவருடைய பிள்ளைப் பருவத்தையும் நீதிபதிகள் காரணமாகக் காட்டினார்கள். கோனி மீதான குற்றச்சாட்டுகளை, அவர் இல்லாமலேயே, 2025 செப்டம்பரில் மன்றம் கேட்டது. முழு விசாரணை நடக்க அவர் நேரில் நிற்க வேண்டும்.