மீன் செத்த இரவில் நீரை எடுத்தது யார்?

2024 மே 20 இரவு, கொச்சிக்கு வடக்கே ஏலூர்–எடயார் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் பெரியாற்றில் மீன்கள் சாகத் தொடங்கின. விடிந்தபோது வராப்புழை வரைக்கும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் கரிமீனும் கொடுவாவும் வளர்த்தவர்கள் அறுவடைக்கு முன்பே எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆத்திரத்தில் அழுகிய மீனைக் கூடையோடு கொண்டுபோய் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொட்டினார்கள்.

காரணம் என்ன என்பதற்கு இரண்டு பதில்கள் வந்தன. மழைக்காகப் பாதாளம் மதகைத் திறந்தபோது மேலே தேங்கிக் கிடந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் மொத்தமாகக் கீழே வந்துவிட்டது என்றது வாரியம். பனங்காட்டில் இருக்கும் கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம் (குஃபோஸ்) நீரையும் மீனையும் சோதித்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் ஆபத்தான அளவில் இருந்தன என்று அது சொன்னது.

இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். கோடையில் உப்புநீர் ஏறாமலிருக்க மதகை மூடுகிறார்கள். மூடிய மதகுக்கு மேலே கழிவு தங்குகிறது, அழுகுகிறது, ஆக்சிஜனைத் தின்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த அடிச்சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். ஆனால் 'ஆக்சிஜன் குறைவு' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது, இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதுவதைப் போன்றது. அழுகிய பொருளை அங்கே விட்டது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இழப்பீடு கேட்பவருக்கு வேண்டியதோ அந்தப் பதில்தான்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருப்பவருக்கு ஏலூர் தூரம்தான். ஆனால் ஆறு கடைசியில் வந்து சேரும் இடம் கொச்சிக் கழிமுகம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம்தான் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். வெள்ளத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய காயல் இப்போது சுருங்கிக் கிடக்கிறது. 1900இல் வேம்பநாட்டுக் காயல் 261 கோடி கன மீட்டருக்கு மேல் நீர் கொள்ளும், 2020இல் சுமார் 38 கோடிதான் என்கிறது குஃபோஸ் ஆய்வு. 85 சதவீதம் போய்விட்டது. சேறு படிந்தது ஒரு பங்கு, கரையைத் தூர்த்து நிலமாக்கியது இன்னொரு பங்கு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த வெள்ளத்துக்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

விருச்சிக மாதத்தில், நம் கார்த்திகையில், ஓதம் ஏறும்போது கொச்சியின் கல்வத்தி, ராமேஸ்வரம் வாய்க்கால்களின் நீர் பின்வாங்கி வீட்டு வாசலுக்கு வரும். அந்த நீரில் செப்டிக் டேங்க் கழிவும் கலந்திருக்கும். வேம்பநாட்டுக் காயலில் காலராக் கிருமி வருடத்தின் எல்லா மாதங்களிலும் இருப்பதைக் கொச்சி விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஓதநீர் புகுந்த கிணற்றைக் குளோரின் போட்டுச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் உப்பும் ஈயமும் காட்மியமும் போகாது. சேற்றில் இறங்கி வேலை பார்த்தவருக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. முன்தடுப்பு மாத்திரை பற்றி அரசு சுகாதார நிலையத்தில் கேட்கலாம், காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சட்டத்துக்கு வருவோம். 1974ஆம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஆலைக் கழிவுநீர் மாதிரி எடுக்கும் முறையைக் கறாராகச் சொல்கிறது. அதிகாரி ஆலைக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வரிசை பிசகினால் குற்ற வழக்கில் அந்த மாதிரி நிற்காது. நீங்கள் ஆற்றில் மொண்டெடுத்த பாட்டில் அந்த முறைப்படி எடுத்த மாதிரி ஆகாது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அப்படி இல்லை. 2010ஆம் வருடச் சட்டப்படி அது சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. பல்கலைக்கழக அறிக்கை, தேதியோடு கூடிய படம், தீவன பில், மீன்குஞ்சு வாங்கிய ரசீது எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை, பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தீர்ப்பாயம் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். கேரளத்துக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்க ஐந்து வருட அவகாசம் உண்டு. மற்ற சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு ஆறு மாதம்தான், பலர் தவறவிடுவது இதைத்தான்.

அதனால் மீன் மிதக்கும் காலையில் கோபத்தைவிட நேரம் முக்கியம். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், மதகு திறந்திருந்ததா, ஓதம் ஏற்றமா இறக்கமா, நீரின் நிறமும் நாற்றமும் எப்படி என்று எழுதி வையுங்கள். கரைந்த ஆக்சிஜனை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும், பாட்டிலில் ஆய்வுக்கூடம் போய்ச் சேருவதற்குள் கணக்கு மாறிவிடும். ஆகவே வாரியத்தையும் பல்கலைக்கழகத்தையும் அன்றே அழையுங்கள். செத்த மீனை உறைய வைக்காமல் ஐஸில் வைத்துக் கொடுங்கள். உறைந்தால் செவுள் திசுவைப் பார்த்துச் சொல்வது கடினமாகிவிடும்.

ஆய்வு அறிக்கை கைக்கு வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குஃபோஸ் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், வாரியமும் அப்படித்தான். பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். 'மீன் ஏன் செத்தது' என்று கேட்டால் வழவழவென்று ஒரு பத்தி வரும். 'மே 18 முதல் 24 வரை எடுத்த ஒவ்வொரு மாதிரியின் இடம், நேரம், ஆய்வு முடிவு, அந்த நாட்களின் மதகு இயக்கப் பதிவேட்டு நகல்' என்று கேளுங்கள். எந்த ஆலைக்கு எவ்வளவு கழிவுநீர் விட ஒப்புதல் என்ற பதிவேட்டைச் சம்பந்தப்பட்ட எவரும் பார்க்கலாம் என்று நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவே சொல்கிறது. வாரியம் வழக்குப் போடாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீங்களே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது 49ஆம் பிரிவு. அப்போது தன்னிடம் உள்ள அறிக்கைகளை, பொதுநலனுக்கு எதிரென்று காரணம் காட்டினாலொழிய, வாரியம் தந்தாக வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிட வேண்டாம். வெள்ளத்தாலோ தொழிற்சாலைப் பேரிடராலோ பாதிக்கப்பட்டவருக்கும், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.