பனியில்லா மலையின் குளிர்

மலையேற்றம் என்றதும் இமயமும் அதன் பனியாறுகளுமே பலர்க்கு நினைவில் எழும். ஆண்டுதோறும் பெய்யும் பனி முற்றும் உருகாமல், அடுக்கடுக்காய் அமுங்கிக் கட்டியாகித் தன் பாரத்தாலேயே மெல்ல நகர்வது பனியாறு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் பனி நிலைபெற, மலை மிக உயர்ந்ததாயிருத்தல் வேண்டும். 5,895 மீற்றர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவில் பனியாறு உண்டு. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையில் இல்லை. ஆயினும் குளிரால் உயிருக்கு ஊறு நேரப் பனிக்கட்டி வேண்டுவதில்லை. சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து கூட்டமாய் மலையேறப் புறப்படும் இளைஞர் முதற்கண் அறிய வேண்டுவது இதுவே.

அட்டன் பக்கமாக நல்லதண்ணியிலிருந்து ஏறுவோர், தொடங்கும்போதே மலைநாட்டில் நிற்கின்றனர். இரத்தினபுரிப் பக்கத்தார் நிலை வேறு. பலாபத்தலை வழியும் குருவிட்டை எரத்னை வழியும் தாழ்ந்த நிலத்தை அடுத்துத் தொடங்கி, அடர்ந்த காட்டினூடே நெடுந்தூரம் சென்று, ஹெரமிட்டிபானவில் ஒன்று சேர்கின்றன. அதன்பின் உச்சிவரை செங்குத்தான ஏற்றம். 1344ஆம் ஆண்டில் இம்மலை ஏறிய இபின் பதூதா, பாறையிற் பூட்டிய சங்கிலிகளையும், அட்டைக்கடிக்கு மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததையும் குறித்துள்ளார்.

ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே இரத்தினபுரியில் வியர்வை சிந்தப் புறப்பட்டவன், உச்சியில் 12 பாகைக்கு மேற்பட்ட வேறுபாட்டை உணர்வான். வியர்வையாலோ மழையாலோ நனைந்த உடையின்மேல் காற்று வீசுமாயின், உடற்சூடு விரைந்து குன்றும். முதலில் நடுக்கம், பின்னர் நாக்குழறல், அதன்பின் தடுமாற்றமும் மயக்கமும் தோன்றும். அத்தகையவனைத் தனியே விடலாகாது. காற்றுப்படாத இடத்தில் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியாற் போர்த்தி, நினைவு தெளிவாயிருப்பின் இனிப்பிட்ட சுடுதேநீர் பருகக் கொடுத்தல் வேண்டும். மது கொடுத்தல் தீது; அது உடற்சூட்டை மேலும் இழக்கச் செய்யும்.

யாத்திரைக் காலம் டிசெம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி, மே மாத வெசாக்கில் முடிவுறும். ஏனைய மாதங்களில் வழிவிளக்கும் தேநீர்க்கடையும் இரா. மழையால் ஓடைகளும் பெருகும். அக்காலத்தில் ஏறத் துணிவது அறிவுடைமையன்று.

காலமறிந்து ஏறுவது போன்றே, காலமறிந்து திரும்புவதும் மலையேற்றத்தின் ஒரு பகுதியாம். 2016 மே 21ஆம் நாள் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ், உயிர்வாயுக் கருவி பழுதுற்றமையால், உச்சிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் கீழே திரும்பினார். அன்று திரும்பியதனாலேயே 2018இல் மீண்டும் சென்று உச்சியை அடைய அவரால் இயன்றது.

தோட்டத்து இளைஞர் குழுவுக்கும் விதி இதுவே. கூட்டத்தில் மெதுவாக நடப்பவனின் நடையே குழுவின் நடையாதல் வேண்டும். ஒருவன் நடுங்கத் தொடங்கினால் அனைவரும் நிற்றல் வேண்டும். அவன் தேறாவிடின் அனைவரும் இறங்குதல் வேண்டும்.