புழு மனைக்கு விளக்கு போடும் பரிணாமக் கணக்கு

தர்மபுரி மாவட்டத்துப் பட்டு விவசாயிகள் தங்கள் கூட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவது தர்மபுரி அரசு அங்காடிக்கு. அந்தக் கூடு நன்றாக அமைவதில் புழு வளர்க்கும் மனைக்குள் விழும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. பட்டுப்புழுவுக்குக் கடும் வெளிச்சமும் ஆகாது, கும்மிருட்டும் ஆகாது. 15 முதல் 30 லக்ஸ் வரையிலான மங்கிய ஒளியை நாடி நகரும். ஒரே மூலையில் புழுக்கள் குவிந்தால் அங்கே தழை பற்றாது, வளர்ச்சியும் ஒன்றுபோல் இருக்காது.

சிக்கல் அடுக்குத் தாங்கியில் இருக்கிறது. கூரையில் விளக்கு மாட்டினால் மேலடுக்கு பளிச்சென்று இருக்கும், கீழடுக்கில் நிழல். தூரம் இரட்டித்தால் ஒளி கால்வாசியாகிவிடும்: ஒரு மீட்டரில் 48 லக்ஸ் தரும் சிறு பல்பு இரண்டு மீட்டரில் 12 தான் தரும். விளக்கு மாட்ட 12 இடம், ஒவ்வொன்றிலும் 0, 3, 5, 7 வாட் என நான்கு வாய்ப்பு என்றால் மொத்தம் 1,67,77,216 அமைப்புகள்.

இத்தனையையும் சோதிக்காமலே நல்லதைத் தேடும் வழிதான் மரபணு வழிமுறை. இதற்கு அடித்தளமிட்ட ஜான் ஹாலண்டின் நூல் 1975இல் வந்தது. முதலில் கணினி கண்ணை மூடிக்கொண்டு சில அமைப்புகளை உருவாக்கும். புரிவதற்காக ஆறே இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 3-0-5-0-3-0, இன்னொன்று 0-5-0-0-5-3. முன்னதன் முதல் பாதியையும் பின்னதன் மறுபாதியையும் சேர்த்தால் 3-0-5-0-5-3 என்றொரு பிள்ளை பிறக்கும். அதில் ஓர் எண்ணைத் தற்செயலாக மாற்றினால் 3-0-0-0-5-3. 16 வாட் 11 ஆகிவிட்டது. ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை லக்ஸ் விழும் என்று கணக்கிட்டு, தேறியவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு அனுப்பும். இப்படியே பல தலைமுறை.

வெளிச்சம் சீராகவும் வேண்டும், கரண்டும் மிச்சமாக வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இதற்கு உலகெங்கும் பயன்படும் என்.எஸ்.ஜி.ஏ.-2 என்ற மரபணு வழிமுறை கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்தது. அதைக் கல்யாண்மய் தேப், அம்ரித் பிரதாப், சமீர் அகர்வால், டி. மெய்யறிவன் ஆகியோர் 2002இல் வெளியிட்டார்கள். இது ஒரே விடையைத் திணிப்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் நிலையில் இருக்கும் நல்ல அமைப்புகளை வரிசையாக முன்வைக்கும். எது வேண்டும் என்பது மனைக்காரர் முடிவு. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்.

எது தேறும் என்று சொல்லும் மதிப்பெண்ணும் மனைக்காரரிடமிருந்துதான் வர வேண்டும். புழுக்களுக்குப் போடும் தழைத் தண்டுகள் உயர உயர நிழல் மாறும், கதவுப் பக்கம் பகலில் வெளிச்சம் கூடும். இவை கணக்கில் ஏறாவிட்டால் கணினி தவறான மனைக்கு அழகாக விளக்கு போட்டுவிடும். மாட்டியபின் லக்ஸ் மீட்டரைக் கீழடுக்கின் ஓரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவு ஒத்துவராவிட்டால் கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.