தேநீர்க் கடையிலிருந்து தேசங்கள் கண்ட தம்பதிகள்

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவது நெல்லிவாசல்நாட்டு மக்களுக்குப் புதிய செய்தியன்று. சாமையும் புளியும் தேனும் விற்பதற்காகத் திருப்பத்தூருக்குச் செல்கின்றனர். வேலை குறைந்த மாதங்களில் கணவனும் மனைவியுமாகக் கூலி தேடி வெளிமாநிலங்களுக்கும் போகின்றனர். ஆனால் ஊர் காண்பதற்கென்றே இருவர் கூடிப் புறப்படுவது வேறு வகையானது. அது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்றே நம்மில் பெரும்பாலார் கருதுகிறோம். ஜோலார்ப்பேட்டை சந்திப்பிலிருந்து ஓரிரவு ரயில் பயணத்தில் அடையத்தக்க கொச்சி நகரில், அக்கருத்துக்கு மறுப்பாக ஒரு சிறிய தேநீர்க் கடை இருந்தது.

ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்பது அக்கடையின் பெயர். அதை நடத்தியவர்கள் கே. ஆர். விஜயனும் அவர்தம் மனைவியார் மோகனாவும். வேலையாள் எவரையும் அமர்த்தாமல், தேநீர் ஆற்றுவதும் பலகாரம் செய்வதும் பாத்திரம் கழுவுவதும் தாமே பார்த்தனர். நாள்தோறும் வருவாயிலிருந்து 300 ரூபாயைப் பயணத்திற்கென ஒதுக்கி வைத்தனர். குறைந்த தொகைக்கு வங்கியில் கடன் பெற்றுப் பயணம் போய் வந்து, சுமார் மூன்றாண்டுகளில் அதை அடைத்து, மீண்டும் அடுத்த பயணத்திற்கு ஆயத்தமாயினர். 2007ஆம் ஆண்டு தொடங்கிய அவர்களது வெளிநாட்டுப் பயணங்கள் சிங்கப்பூர், எகிப்து, பிரேசில் என விரிந்து 26 நாடுகளை எட்டின. அவர்கள் கண்ட இடங்களின் படங்கள் கடைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. 2019இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்தின் செலவைத் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா ஏற்றுக்கொண்டார். மற்றவை பெரும்பாலும் கடை உண்டியலின் பயன். 2021 அக்டோபரில் ரஷ்யா சென்று திரும்பிய விஜயன், அடுத்த மாதமே காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

கணக்கில் ஆர்வமுள்ள அங்கத்தினர் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 300 ரூபாய் எனில் ஆண்டுக்கு 1,09,500, மூன்றாண்டுக்கு 3,28,500. கடை மூடியிருந்த நாட்களைக் கழித்தாலும் தொகை சிறிதன்று. பயணம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய மறுநாளே அடுப்பு எரிந்தாக வேண்டும் என்பதையும், இல்லாத நாட்களில் வாடிக்கை வேறு கடைக்குப் போயிருக்கும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

மேனாட்டிலும் இத்தகையோர் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த டோனி வீலர், மௌரீன் வீலர் என்னும் புதுமணத் தம்பதிகள் 1972இல் 65 பவுனுக்குப் பழைய சிறு வண்டியொன்றை வாங்கி, லண்டனிலிருந்து ஆசியாவைக் கடந்தனர். காபூலில் வண்டியை விற்றுவிட்டு, பின்னர் பேருந்து, ரயில் என மாறி மாறி இந்தியா, நேபாளம், தாய்லாந்து, இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்தனர். சிட்னியில் இறங்கியபோது அவர்கள் கையில் 27 சென்ட் மட்டுமே இருந்தது. செலவு குறைத்துப் பயணம் செய்யும் வகையை 1973இல் சிறு நூலாகத் தாமே வெளியிட, முதலில் அச்சிட்ட 1,500 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. அதிலிருந்தே லோன்லி பிளானெட் என்னும் பெரிய பதிப்பகம் வளர்ந்தது. ஆயின் அவர்கள் இளைஞர். கடையும் நிலமும் கடனும் அவர்களைக் கட்டவில்லை. நமக்கு அதிகம் பாடமாவது கொச்சித் தம்பதிகளின் வழியே.

இனி, சங்கத்தார் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். விதைக்கும் மாட்டுக்கும் நூலுக்கும் வாங்கும் கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். ஊர் சுற்ற வாங்கும் கடன் அடைக்குமோ? கூட்டுறவு இயக்கம் தொடக்கம் முதலே ஆக்கக் கடனுக்கு முதலிடம் தந்தது. அதில் குறை காண இயலாது. விஜயன் தம்பதிகளின் கடன் அடைந்ததற்குக் காரணம் பயணத்தில் இல்லை. நாள்தோறும் காசு புரளும் தொழிலில் இருந்தது. நெசவாளர்க்கு வாரக்கூலி வருவதால் இம்முறை ஓரளவு பொருந்தும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்து அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் உள்ளதால் அவர்களுக்குச் சிறுகச் சேர்க்கும் பழக்கமும் புதிதன்று. மலையில் சாமை விதைக்கும் குடும்பத்திற்கோ பணம் அறுவடைக்குப் பிறகும், புளி உலுக்கும் மாசி, பங்குனியிலுமே வருகிறது. அவர்கள் முதலில் கடன் வாங்கிப் பிறகு சேர்ப்பது ஆபத்து. முதலில் சேர்த்து, பிறகு போவதே தக்கது. புளி விற்ற கையோடு ஒரு பகுதியைச் சங்கத்திலோ அஞ்சலகத்திலோ வைப்பாகப் போட்டுவிட வேண்டும். வீட்டுப் பானையில் வைத்த பணம் எந்தக் கல்யாணத்திற்குப் போகும் என்பது யாவரும் அறிந்ததே.

தரகரிடம் முன்பணம் பெற்று மலையிறங்கும் பயணத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டியவர்கள் என்று கூறிக் காவலர் சுட்டதில் மாண்ட 20 தமிழ்த் தொழிலாளர்களுள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். சொந்தச் சேமிப்பில் இருவராகச் சேர்ந்து, போகுமிடம் தெரிந்து, திரும்பும் நாள் தெரிந்து செல்வது எத்துணை வேறான பயணம் என்பதை அக்குடும்பங்கள் அறியும்.

சிறு தொகை சேர்ந்த தம்பதிகள் முதன்முதலில் எந்த அயல்நாட்டைக் காணலாம் எனக் கேட்போர்க்கு ஒன்று சொல்லலாம். இந்தியக் குடிமக்கள் நேபாளம் செல்லக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டுவதில்லை. வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதார் அட்டையை நம்பிச் செல்ல வேண்டா. சென்னையிலிருந்து கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து சுனவுலிக்குப் பேருந்து. எல்லையை நடந்தே கடக்கலாம். புத்தர் பிறந்த லும்பினி அருகிலேயே உள்ளது. பூட்டானுக்கும் வாக்காளர் அட்டை போதுமாயினும், அங்கே இந்தியர் ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். இருவர் நான்கு இரவு தங்கினால் அதுவே 9,600 ரூபாய் ஆகிவிடும்; நாளுக்கு 20 ரூபாய் சேர்ப்பவர்க்கு அது ஓராண்டுக்கும் மேற்பட்ட சேமிப்பு.