திரையில் மீட்பும் தரையில் மீட்பும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி, பல மொழியினர் கூடி வாழும் பழந்துறைமுகப் பகுதி. சுக்கும் மிளகும் மணக்கும் அதன் பஜார் வீதியில் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் ஒலிக்கக் கேட்கலாம். அடுத்துள்ள கோட்டைக் கொச்சியில், டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறிய தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் தம் தொழிலைக் கைவிடாது நடத்தி வருகின்றனர். இவ்வாறு பிற மாநிலங்களில் வேரூன்றிய தமிழர், தாம் வாழும் இடத்துத் திரைப்படங்களையும் தம்முடையனவாகவே கருதிப் பார்ப்பது இயல்பு.

அப்படங்களுள் ஒரு வகையை இன்று ஆராய்வோம். போர்க்களம் கண்ட வீரர் ஒருவர். எங்கோ தொலைவில் பகைவரிடம் சிக்கியோர் சிலர். அவர்களை மீட்க அவ்வீரர் புறப்படுகிறார். படம் வெற்றி பெற்றுவிட்டால், அதே வீரரை வேறொரு களத்துக்கு அனுப்பி அடுத்த படம் எடுக்கின்றனர். இதனைத் தொடர்ப்படம் என்கிறோம். இத்தகைய படங்கள் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்குக் காரணம் யாது? அவை காட்டும் மீட்பும் உலகில் நடைபெறும் மீட்பும் ஒன்றுதானா? சொந்த ஊரை விட்டு வாழும் நமக்கு இவை வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் கடல் கடந்து பிழைக்கச் சென்றிருக்கின்றனர் அன்றோ?

இவ்வகைப் படங்களுள் உலகப் புகழ் பெற்றது ராம்போ வரிசை. டேவிட் மாரெல் 1972-இல் எழுதிய நாவல், 1982-இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடிக்கப் படமாயிற்று. அம்முதற் படத்தில் மீட்புப் பணி எதுவுமில்லை என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரன், தன்னோடு போரிட்ட தோழனைத் தேடி வருகிறான். தோழன் நோயால் மாண்டுபோனதை அறிகிறான். பின்னர்ச் சிறு நகரொன்றின் வழியே நடந்து செல்பவனை, நாடோடி என்று எண்ணிக் காவல் அதிகாரி ஊரை விட்டு வெளியேற்றுகிறார். அவ்வூரின் பெயர் ஹோப். அதற்கு நம்பிக்கை என்பது பொருள். படத்தின் முடிவில் அவ்வீரன் தன் பழைய தளபதியின் முன் அமர்ந்து தேம்பி அழுகிறான். மூல நாவலில் அவன் இறந்துபடுகிறான். படத்திலோ உயிரோடு விடப்பட்டான். தொடர்ப்படங்களுக்கு வழி பிறந்தது அதனாலேதான்.

1985-இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் அவன் முற்றிலும் வேறு மனிதனாகிறான். வியட்நாமிலே இன்னும் சிறைப்பட்டிருப்பதாகச் சொல்லப்பட்ட அமெரிக்கரை மீட்டு வருகிறான். 1988-இல் ஆப்கானிஸ்தானத்தில் தன் தளபதியை மீட்கிறான். 2008-இல் பர்மாவிலே சமயத் தொண்டர்களை மீட்கச் செல்கிறான். 2019-இல் மெக்சிகோவிலே கடத்தப்பட்ட பெண்ணைத் தேடிச் செல்கிறான். முதற் படத்தில் அடைக்கலம் நாடி நின்றவன், அடுத்த படங்களில் பிறரைக் காக்கும் காவலனாகிவிட்டான்.

மெய்யான வரலாறு வேறு. 1973-இல் வியட்நாமிலிருந்து 591 அமெரிக்கக் கைதிகள் உடன்படிக்கையின் வழியே தாயகம் திரும்பினர். அதற்கு முன் 1970 நவம்பரில், சோன் டே என்னுமிடத்துச் சிறையை அமெரிக்க அதிரடி வீரர் துணிவோடு தாக்கினர். சிறையிலே கைதி ஒருவரும் இல்லை. அவர்களை முன்னரே வேறிடத்துக்கு மாற்றியிருந்தனர். எவரேனும் இன்னும் உயிரோடு சிறையில் இருக்கின்றனரா என்று ஆராய்ந்த அமெரிக்கச் செனட் குழு, அதற்கு உறுதியான சான்று இல்லை என்று 1993-இல் அறிவித்தது. ஆக, களத்தில் எய்தாத வெற்றியைத் திரை அந்நாட்டு மக்களுக்கு அளித்தது. ஆறாத புண்ணுக்கு இட்ட மருந்து அது எனலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். முன்னாளில் சென்னைக் கோடம்பாக்கத்தில் வளர்ந்த மலையாளத் திரைத்தொழிலுக்கு இன்று கொச்சியே நடுநாயகம். அத்தொழிலில் இவ்வகை வரிசை ஒன்று 2006-இல் தோன்றியது. படைத்தவர் மேஜர் ரவி. தரைப்படையிலும் தேசியப் பாதுகாப்புப் படையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் எழுதி இயக்கிய ‘கீர்த்தி சக்ரா’ என்னும் படத்தில் மேஜர் மகாதேவனாகத் திரு. மோகன்லால் நடித்தார். காஷ்மீரத்தில் பயங்கரவாதிகளை எதிர்த்து நிற்கும் கமாண்டோ வீரரின் கதை அது. தமிழ் நடிகர் திரு. ஜீவா அதிலே ஜெய் என்னும் வீரனாகத் தோன்றினார். அப்படமே ‘அரண்’ என்னும் பெயரால் அதே ஆண்டில் தமிழிலும் வந்தது. ஆகவே மட்டாஞ்சேரித் தமிழர் இவ்வீரரை இரு மொழியிலும் காணும் வாய்ப்புப் பெற்றனர்.

அடுத்து, கார்கில் போரைக் கூறும் ‘குருக்ஷேத்ரா’ 2008-இலும், ‘காந்தஹார்’ 2010-இலும், 1971-ஆம் ஆண்டுப் போரைக் கூறும் படம் 2017-இலும் வந்தன. இப்பாத்திரத்தால் திரு. மோகன்லால் பெற்ற மதிப்புச் சிறிதன்று. 2009-இல் பிரதேசப் படையிலே லெப்டினன்ட் கர்னல் என்னும் கௌரவப் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது.

இவற்றுள் ‘காந்தஹார்’ நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. 1999 டிசம்பர் 24-ஆம் நாள் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டது. அது அமிர்தசரசில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நின்றது. கமாண்டோக்கள் வந்து சேருமுன் பறந்துவிட்டது. முடிவில் ஆப்கானிஸ்தானத்துக் காந்தஹாரில் எட்டாம் நாளன்று, சிறையிலிருந்த பயங்கரவாதிகள் மூவரை விடுவித்த பின்னரே பயணிகள் மீண்டனர். பயணி ஒருவர் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார். இந்நிகழ்ச்சியைத் தழுவிய படத்திலோ மேஜர் மகாதேவனின் கமாண்டோக்கள் பயணிகளை மீட்டுவிடுகின்றனர்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. 1993 ஏப்ரலில், அதே அமிர்தசரசில், கடத்தப்பட்ட மற்றொரு விமானத்துள் தேசியப் பாதுகாப்புப் படையினர் நள்ளிரவு கடந்து நுழைந்தனர். சில நிமிடங்களில் கடத்தியவன் வீழ்ந்தான். உள்ளே இருந்த 141 பேரும் ஊறின்றி மீண்டனர். இம்மெய்யான வெற்றி மக்கள் நினைவில் அவ்வளவாக நிற்கவில்லை. 1999-இன் வேதனையே நிற்கிறது. வலியுள்ள இடத்துக்கன்றோ கை செல்லும்? திரைப்படமும் அவ்வாறே.

காந்தஹாரைக் காட்டிலும் கொச்சிக்கு அணுக்கமான நிகழ்ச்சியொன்று உண்டு. 2014 ஜூன் மாதம் ஈராக்கில் திக்ரித் நகரம் ஐ.எஸ். படையினர் கையில் வீழ்ந்தது. அந்நகரத்து மருத்துவமனையில் பணி செய்த இந்தியச் செவிலியர் 46 பேர் வெளியேற வழியின்றிச் சிக்கினர். அவருள் பெரும்பாலோர் கேரளத்தினர், தமிழ்நாட்டினரும் உண்டு. தூதரகத்தாரும் கேரள அரசினரும் கைப்பேசி வழியே அவர்களோடு தொடர்பு அறாமல் காத்தனர். ஜூலை 3-ஆம் நாள் அவர்களை மோசுல் நகருக்குக் கொண்டு சென்றபோது, வீடுகளில் இருந்த பெற்றோர் உற்ற துயரைச் சொல்லவும் வேண்டுமோ? மறுநாள் விடுதலை கிட்டிற்று. ஜூலை 5-ஆம் நாள் அவர்களை ஏற்றி வந்த விமானம் கொச்சியில் இறங்கியது. இந்திய வீரர் எவரும் ஒரு குண்டும் சுடவில்லை. யார் யாரோடு பேசி இது கைகூடிற்று என்பதை அரசு முழுவதும் வெளியிடவுமில்லை. மெய்யான மீட்பு பல வேளைகளில் இவ்வாறு ஓசையின்றியே நடைபெறுகிறது.

2017-ஆம் ஆண்டில் இந்நிகழ்ச்சியைத் தழுவி இரு படங்கள் வந்தன. மார்ச்சு மாதம் வந்த ‘டேக் ஆஃப்’ என்னும் மலையாளப் படம் செவிலி ஒருத்தியின் குடும்ப நிலை, கடன் சுமை, அச்சம் ஆகியவற்றை முன்னிறுத்திற்று. டிசம்பரில் வந்த ‘டைகர் ஜிந்தா ஹை’ என்னும் இந்திப் படம் 2012-இல் வந்த படத்தின் தொடர்ச்சி. பணியை விட்டு ஒதுங்கி வாழும் உளவு வீரரை அதிலே மீண்டும் அழைக்கின்றனர். அவர் துப்பாக்கி ஏந்திச் சென்று செவிலியரை மீட்கிறார். ஒரே நிகழ்ச்சி, ஒன்றில் காத்திருப்போரின் கதை, மற்றொன்றில் காக்க வருபவரின் கதை. தொடர்ப்படத்துக்கு இரண்டாவதே ஏற்றது. காத்திருந்து மீண்டவள் வீடு திரும்பியதும் கதை முடிந்துவிடும்; காப்பவரையோ எத்தனை முறையும் அனுப்பலாம்.

ஆயினும் எல்லா மீட்பும் இனிது முடிவதில்லை. அதே 2014 ஜூனில் மோசுல் நகரில் கட்டடத் தொழில் செய்த இந்தியர் 39 பேர் கடத்தப்பட்டனர். அவர்கள் கொல்லப்பட்டனர் என்பது 2018 மார்ச்சு மாதத்திலேதான் நாடாளுமன்றத்தில் உறுதியாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அக்குடும்பங்கள் நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையே கிடந்தன. திரைக்கதையில் இவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. ஆனால் மீட்பு என்னும் சொல்லின் எடையை நாம் உணர வேண்டுமாயின், இவர்களை மறத்தலாகாது.

மெய்யாகவே போர்க்களம் கண்ட வீரர் மீட்புக்குச் சென்ற வரலாறும் உண்டு. 2015-இல் ஏமன் நாட்டில் போர் மூண்டபோது, அப்போது வெளியுறவு இணையமைச்சராய் இருந்த ஜெனரல் வி.கே. சிங், செங்கடல் வாயிலில் உள்ள ஜிபூட்டியில் தங்கி மீட்புப் பணியை நடத்தினார். அவர் முன்னாள் தரைப்படைத் தளபதி. 1971 போரிலும் பணியாற்றியவர். ஆனால் ஆங்கே அவருக்கு வேண்டியிருந்தது துப்பாக்கியன்று. சவூதி அரேபியாவின் இசைவு பெற்றுக் குறித்த சில மணி நேரங்களுக்குள் விமானங்களைச் செலுத்த வேண்டும். ஏடன் துறையில் கப்பலை அணையச் செய்ய வேண்டும். பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். இப்பணியால் இந்தியர் 4,640-க்கு மேற்பட்டோரும், 41 நாடுகளைச் சேர்ந்த பிறர் 960 பேரும் மீண்டனர்.

இன்னும் அண்மையில், 2020 மே 10-ஆம் நாள், பெருந்தொற்றுக் காலத்தில் மாலத்தீவிலிருந்து 698 இந்தியரை ஏற்றிய ஜலஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் கொச்சித் துறைமுகத்தை அடைந்தது. மட்டாஞ்சேரிக்கு எதிரே நீருக்கு அப்பால் தோன்றும் வில்லிங்டன் தீவை ஒட்டியதே அத்துறைமுகம். கப்பலில் கருவுற்ற பெண்கள் 19 பேர் இருந்தனர். கேரளத்தாரோடு தமிழ்நாட்டாரும் அதிலே வந்திறங்கினர். மாலுமி, மருத்துவர், சுகாதார ஊழியர், பேருந்து ஓட்டுநர் எனப் பலர் கை சேர்ந்தே அம்மீட்பு நிறைவேறியது.

இவற்றால் நாம் அறிவது யாது? திரையிலே மீட்பு ஒருவரின் வீரம். தரையிலே அது பலரின் பொறுமை. வீரப் படங்களைப் பார்க்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. நாடு தாங்க மாட்டாத துயரை அவை சற்றே ஆற்றுகின்றன. படைவீரரிடத்து நன்றியையும் வளர்க்கின்றன. ஆனால் ஆபத்துக் காலத்தில் நம்மைத் தேடி வருவது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலே. அதிலே நம்மவர் பெயர் இருக்க வேண்டும். ஆகவே அயல்நாட்டில் நம் மக்கள் இருப்பின், அவர்கள் இந்தியத் தூதரகத்தில் தம் பெயரைப் பதிவு செய்துள்ளனரா என்று கேட்டறிதல் நலம். அவர்தம் கடவுச்சீட்டின் படியும், வேலை செய்யும் இடத்து முகவரியும், தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் வீட்டிலே இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்வோம். முதல் ராம்போ படம் எழுப்பிய வினாவைத் தொடர்ப்படங்கள் மறந்துவிட்டன. போரிலிருந்து திரும்பிய வீரனை யார் மீட்பது என்பதே அவ்வினா. நம் தெருவில் வாழும் முன்னாள் படைவீரருள், தமக்குரிய உதவிகளை அறியாதோரும், மொழி தெரியாத ஊரில் கேட்கத் தயங்குவோரும் இருக்கக்கூடும். முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் மாவட்டங்கள்தோறும் உள்ளன. அவ்வூர் மொழி அறிந்த ஒருவர் உடன் சென்று ஒரு மனுவை எழுதிக் கொடுத்தால், அதுவும் ஒரு மீட்புப் பணியே.