உலோகத் தொண்டைக்கு ஒரு பஃப்!

கதவைத் திறக்கும் முன்பே கூத்து ஆரம்பித்துவிடுகிறது. மோதிரத்தைக் கழற்று, வாட்சைக் கழற்று, நகப்பூச்சு கூடாது, மஸ்காரா கூடவே கூடாது. தலைக்கு வலைத்தொப்பி. தாடி இருந்தால் தாடிக்கும் தனியாக ஒரு வலை! வழியை மறித்து ஒரு பெஞ்ச் கிடக்கும். அதில் உட்கார்ந்து ஒரு காலுக்கு உறை மாட்டி அந்தப் பக்கம் இறக்க வேண்டும், பிறகுதான் அடுத்த கால். உறை இல்லாத கால் அந்தப் பக்கத் தரையில் பட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இத்தனை அமர்க்களமும் இங்கிலாந்தில் மருந்து தயாராகும் ஒரு பகுதிக்குள் நுழைவதற்கு. நுழையப் போகிறவருக்கு வயது பதினெட்டு. நேற்றுவரை பள்ளி மாணவர், இன்றைக்கு மாதச் சம்பளக்காரர்!

இதற்கு டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் என்று பெயர். 2015-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏற்பாடு. வேலைக்குச் சேருகிறீர்கள், வேலை பார்த்துக்கொண்டே வேதியியலிலோ உயிரியலிலோ பட்டம் வாங்குகிறீர்கள். அங்கே 2025-26 கல்வியாண்டில் கல்லூரிக் கட்டணம் 9,535 பவுண்டு வரை போனது. இவர்களுக்கோ அதில் ஒரு பென்னிகூடக் கைச்செலவு இல்லை. அப்படியென்றால் யார் கட்டுகிறார்கள்? ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள், தாண்டிய தொகையில் அரை சதவீதத்தைப் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும் என்ற சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணம்தான் இப்படிப் படிப்பாகத் திரும்பி வருகிறது. எப்படியும் கட்டியாக வேண்டிய காசு, அதில் நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்தால் என்ன என்று பெரிய மருந்து நிறுவனங்கள் கணக்குப் போட்டன. நல்ல கணக்கு.

சரி, லேபுக்கு வருவோம். எல்லா மூலையையும் காட்ட ஆசைதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இன்ஹேலர் சோதனை மேசை, அங்கேயே கொஞ்சம் நிற்கிறேன்.

வீசிங் வந்தால் பையிலிருந்து எடுத்து வாயில் அடித்துக்கொள்வார்களே, அந்த சால்புட்டமால் இன்ஹேலருக்குப் பூர்வீகம் லண்டனுக்கு வடக்கே வேர் என்ற சின்ன ஊர். அங்கிருந்த ஆலன் அண்ட் ஹான்பரிஸ் நிறுவனத்தில் டேவிட் ஜாக்கின் குழு கண்டுபிடித்த மருந்து 1969-இல் வென்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் மருந்து. கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! அந்தத் துளியூண்டும் நுரையீரலுக்குப் போகிறதா, வழியிலேயே ஒட்டிக்கொள்கிறதா? ஆளை அறுத்துப் பார்க்க முடியுமா? அதனால் ஒரு போலித் தொண்டையைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

உலோகத்தில் ஒரு குழாய், நம் வாயிலிருந்து தொண்டை இறங்குவதைப் போலவே செங்கோணத்தில் வளைந்திருக்கும். அதன் வாயில் இன்ஹேலரைப் பொருத்த வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பம்ப், நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் மூச்சு! நம்ம அப்ரென்டிஸ் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, முதல் சில பஃப்களை வீணாக வெளியே விட்டு, பிறகு தொண்டைக்குள் அடிக்கிறார். புஸ்ஸ்! மறுபடி குலுக்கல், மறுபடி புஸ்ஸ்! எவ்வளவு நேரம் குலுக்க வேண்டும், இரண்டு பஃப்புக்கு நடுவே எத்தனை விநாடி விட வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்த சட்டம். இஷ்டத்துக்கு அடித்தால் எண் மாறும்.

தொண்டையைத் தாண்டிய பிறகுதான் விசேஷம். உள்ளே வரிசையாக எட்டுக் கிண்ணங்கள். முதல் கிண்ணத்துக்கு மேலே ஒரே ஒரு பெரிய துளை, போகப் போகத் துளைகள் சிறுத்துப் பெருகி, கடைசியில் தலைமுடி கனத்தில் 4,000-க்கும் மேல். கனமான துகளுக்குக் காற்றோடு சட்டென்று வளையத் தெரியாது, முன்னாலேயே மோதி விழுந்துவிடும். லேசான துகள் வளைந்து வளைந்து கடைசிவரை ஓடும். ஐந்து மைக்ரானுக்குக் கீழே இருப்பவைதான் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் என்று கணக்கு. மோதியது துள்ளி ஓடிவிடாமல் இருக்கக் கிண்ணங்களுக்கு மெல்லிய பூச்சு வேறு. பிறகு ஒவ்வொரு கிண்ணத்தையும் கரைப்பான் ஊற்றிக் கழுவி, கழுவிய கரைசலை, மருந்தைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவிக்குக் கொடுத்தால் எங்கே எவ்வளவு விழுந்தது என்று திரையில் சிகரம் சிகரமாக எழும்பும். பெரும்பங்கு அந்த உலோகத் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற குடுவையை வைத்து அடிக்க டாக்டர் ஏன் சொல்கிறார் என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

ஒரு கல்லூரி மாணவரும் கிண்ணம் கழுவலாம்தான். ஆனால் கல்லூரி லேபில் விடை என்ன வரவேண்டும் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. எண் விசித்திரமாக வந்தால் பக்கத்து மேசையில் இருபது வருஷ அனுபவசாலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். எனக்கு இதுதான் இந்தப் படிப்பின் உண்மையான ருசி. அதுவும் இப்போது களம் சூடு பிடித்திருக்கிறது. இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயு பூமியைச் சூடாக்குகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை வெளியிடும் கரிமத்தில் சுமார் 3 சதவீதம் இன்ஹேலர் கணக்கு. வாயுவை மாற்றுகிறார்கள். மாற்றினால் என்ன ஆகும்? கிண்ணங்களை எல்லாம் முதலிலிருந்து கழுவ வேண்டும்!

தராசுக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகலாம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும், கதவைச் சாத்தாவிட்டால் மூச்சுக்காற்றுக்கே எண் ஆடும். சரிபார்க்கும் எடைக்கல்லைக் கையால் தொடக் கூடாது, இடுக்கிதான். விரல் எண்ணெய்க்கும் எடை உண்டே! நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசுவது மகா பாவம். ஒரே ஒரு கோடு, பழைய எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான எண், கையெழுத்துச் சுருக்கம், தேதி, காரணம். பென்சில்? பேச்சுக்கே இடமில்லை.

படிப்பு எப்போது என்கிறீர்களா? வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கிவிடுவார்கள். கென்ட், மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் போன்ற பல்கலைக்கழகங்கள் இவர்களுக்காகவே பாடத்திட்டம் நடத்தியிருக்கின்றன, பெரும்பகுதி தொலைவழியில். ஆனால் அந்த ஒரு நாள் போதாது. பள்ளித் தோழர்கள் ஹாஸ்டலில் கும்மாளமிடும் ராத்திரியில் இவர் கரிம வேதியியல் அசைன்மென்டோடு மல்லுக்கட்டுவார். செய்த ஒவ்வொன்றுக்கும் சான்று சேர்த்து ஒரு கோப்பும் வளர்க்க வேண்டும், கேட்டாலே கொட்டாவி வருகிற வேலை. மற்றவர்கள் மூன்று வருஷத்தில் முடிப்பதை இவர்கள் முடிக்க ஐந்து வருஷம் ஆகிறது.

கிளம்புமுன் ஒரு கதவை மட்டும் திறந்து காட்டிவிடுகிறேன். வெளியே ஸ்வெட்டர் குளிர். உள்ளே 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம், அசல் சென்னை! மருந்தைப் படாதபாடு படுத்தி, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கும் அறை. பக்கத்திலேயே 25 டிகிரி, 60 சதவீதத்தில் சாதுவான இன்னொரு அறை, வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்காக 30 டிகிரி, 75 சதவீதத்தில் மற்றொன்று. அலமாரி அலமாரியாக டப்பாக்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று முறை வைத்து எடுத்துச் சோதித்தால்தான் அட்டையில் காலாவதித் தேதி அச்சாகும். சேர்ந்த புதிதில் உள்ளே வைத்த டப்பாவின் 36-ஆம் மாத மாதிரியை எடுக்கவும் அதே அப்ரென்டிஸ் வருவார். கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டமளிப்பு அங்கியில் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். இவருக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, பையில் மூன்று வருஷச் சம்பளம்!