ஆளுடைய பிள்ளையார் கேட்ட இடம்



திருவிழாக் காலத்தில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் வீதியுலா வருதலை நாம் கண்டு வணங்குகின்றோம். அவ்வரிசையில் அந்தணரும் அரசரும் வணிகரும் உளர். குயவரும் வேடரும் பரதவரும் பாணரும் உளர். எல்லார்க்கும் காட்டப்பெறுவது ஒரே தீபம். நம் பிள்ளைகளும் அதனைக் காண்கின்றனர். கண்டதைப் பள்ளிக்கும் தெருவுக்கும் கொண்டு செல்கின்றனரா என்பதே நாம் எண்ண வேண்டுவது.

2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் பயின்ற பிள்ளைகள். காரணம் சாதிப் பகைமை. தனக்கு நேர்ந்த கொடுமையை அவன் பள்ளியில் முறையிட்டிருந்தான். இதனை ஒட்டித் தமிழக அரசு நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பெற்ற அதன் அறிக்கை, மாணவர் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு அணிதல் கூடாது என்றும், மாணவரை அகர வரிசைப்படி அமர்த்துதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

கயிற்றைச் சட்டத்தால் அகற்றலாம். அதனைக் கட்டத் தூண்டிய எண்ணத்தை அகற்றுவது யாங்ஙனம்? இதற்கு நம் சமயத்தில் ஓர் இளம்பிள்ளையின் வரலாறே வழிகாட்டுகின்றது.

திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியிற் கலந்தபோது திருஞானசம்பந்தப் பெருமானுக்கு 16 வயது என்பது மரபு. ஆதலின் அவர் செய்தருளிய யாவும் இன்றைய பள்ளி மாணவர் வயதுக்குள் நிகழ்ந்தனவே. அவர் திருச்சாத்தமங்கைக்கு எழுந்தருளியபோது, அவ்வூர் அந்தணராகிய திருநீலநக்க நாயனார் தம் மனையில் வரவேற்று அமுதளித்தார். உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் துணைவியாரும். பாணர் குலத்தார் அந்தணர் மனைக்குள் தங்கும் வழக்கம் அன்று இல்லை. இரவு வந்ததும் பிள்ளையார் நீலநக்கரை அழைத்து, யாழ்ப்பாணர் தங்குதற்கு ஓர் இடம் தருக என்றார். நீலநக்கர் வீட்டின் நடுவே வேள்வித் தீ விளங்கும் வேதிகையின் பக்கத்திலேயே இடம் அமைத்தார். அப்போது தீயானது முன்னினும் ஓங்கி வலஞ்சுழித்து எழுந்தது எனச் சேக்கிழார் பெருமான் பாடுகின்றார்.

இங்கே பிள்ளையார் செய்தது என்ன? வீட்டுக்குரியவரைக் கடிந்துரைக்கவில்லை. தமக்குக் கிடைத்த மதிப்பைத் தம்மளவில் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. தம் தோழர் வாயிலிலே நிற்கத் தாம் உள்ளே துயில அவர் மனம் இசையவில்லை. ஆகவே இடம் கேட்டார். வெறுப்பை எதிர்த்து நிற்றல் என்பதன் தொடக்கம் இதுவே: ஒதுக்கப்பட்டவன் பக்கத்தில் சென்று நிற்றல்.

மதுரைத் திருவாலவாயில் இதே யாழ்ப்பாணரை உள்ளே கொணருமாறு இறைவன் அடியார்க்குக் கனவில் உணர்த்தினான். அவர்க்குப் பொற்பலகையும் இடச்செய்தான். அத்திருக்கோயிலிலேயே பிற்காலத்தில் மக்களுள் ஒரு பகுதியார் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை வைத்தியநாதையர், கக்கன் உள்ளிட்டோரை உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதி புகுந்து வழிபட்டார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அவ்வாண்டே ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டமும் பிறந்தது. ஐயர்க்குக் கோயிற் கதவு என்றும் திறந்தே இருந்தது. அது திறவாதார்க்காக அவர் பழியை ஏற்றார் என்பதே நாம் பிள்ளைகட்குச் சொல்ல வேண்டிய செய்தி.

இனி, இதனை இளைஞர்க்குக் கற்பிக்கும் முறை. முதற்பாடம் வீட்டில் நிகழ்வது. உணவு உண்ணும்போது பெரியோர் பிறர் குலத்தை இழித்துப் பேசினால், கோயிலில் கேட்ட புராணம் முழுதும் அந்த ஒரு சொல்லால் அழிந்துபோம். இரண்டாவது, செய்யத்தக்கதைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். ஒருவனைச் சாதி சொல்லி நகைத்தால் உடன் நகையாதே. அவனோடு சென்று அமர்ந்து உண். 'இது தகாது' என்று அமைதியாகச் சொல். கைகலப்பில் இறங்காதே, நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அன்றே தெரிவி. தனியே முறையிடுபவனுக்கு இடர் மிகுதி. நால்வராய்ச் சேர்ந்து செல். மூன்றாவது கடமை நம்முடையது. முறையிட்டு வந்த பிள்ளையை, 'உனக்கு ஏன் வீண் வம்பு?' என்று திருப்பியனுப்புதல் கொடுமைக்குத் துணைபோதலேயாம். அவனைக் காப்பது பெரியோர் பொறுப்பு.

திருவிழாவே இதற்கு நல்ல பள்ளிக்கூடம். தேவார வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே பாயில் அமர்த்துவோம். அன்னதானப் பந்தியில் பரிமாறும் பணியை அவர்களிடம் கலந்து ஒப்படைப்போம். தேர்வடம் பிடிக்கும்போது அருகில் நிற்பவன் எந்தத் தெருவினன் என்று எவரும் கேளாதிருக்கப் பழக்குவோம்.

நம் வீட்டு மகன் ஒருவன், 'என் தோழனுக்கும் இடம் தாருங்கள்' என்று நம்மிடம் வந்து கேட்பானாயின், அன்று நாம் நீலநக்கராய் இருத்தல் வேண்டும். வீட்டின் நடுவிலேயே இடம் தருவோமாக.

திருச்சிற்றம்பலம்.